நாலு கட்டையில் ஒரு தீக்குச்சி

சங்கரன்கோவில் வட்டார பஜனைக் கோஷ்டிகள் சங்கத்துக்கு மாதாமாதம் ஒரு தாள் உண்டு. அச்சாபீஸ் தாள் இல்லை; ஸ்டென்சிலில் கீறி, மை தடவி, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மிஷினில் உருட்டி எடுக்கிற நாலு பக்கம். ‘சங்கச் செய்தி’ என்று பெயர். பன்னிரண்டு கோஷ்டிக்கும் தபாலில் போகும். புளியங்குடியில் ஜால்ரா போடுகிறவருக்கு ஆண் குழந்தை பிறந்தது, கரிவலம்வந்தநல்லூருக்குப் புது ஜமுக்காளம் வந்தது, யார் குடலிறக்க ஆபரேஷன் ஆகித் தேறி வருகிறார், எந்தக் கோஷ்டி எந்தக் கோஷ்டியின் மிருதங்கத்தை இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை, எல்லாம் அதில் வந்துவிடும். ஊர்வம்பு என்று யாராவது சொன்னால் காந்திமதிநாதனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

காந்திமதிநாதன் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா, சங்கத்தில் செக்ரட்டரி. ஆபீஸில் அவர் எழுதுகிற கடுதாசிகளை மேலே இருக்கிறவர்கள் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். சங்கச் செய்தியையோ நூறு பேர் ஒரு வரி விடாமல் படிக்கிறார்கள். ஒரு குமாஸ்தாவுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? இது போக அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. தை மாத ஆண்டு விழாவில், சங்கத்துக்குச் சொந்தமான ஆர்மோனியத்தை முன்னால் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு கோஷ்டிக்கும் வரிசையாகச் சுருதி பிடிப்பவர் அவர்தான். ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஒரு சுருதி. சிலர் இரண்டு கட்டையில் பாடுவார்கள், சிலர் நாலு, தொண்டை உள்ளவர்கள் நாலரை. அந்தந்தக் கட்டையை அழுத்திப் பிடித்தால் பெட்டி ஒரே சீராக முனகும். அதன் மேல் பாட்டு நடக்கும்.

ஐம்பத்து நாலாம் வருஷம் பொங்கல் முடிந்த மறுவாரம், இளையரசனேந்தல் கோஷ்டியிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. மிருதங்கம் வாசிக்கிற மூக்காண்டி எழுதியிருந்தான். அந்தக் கோஷ்டியில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

‘மழையில்லாமல் ஊரில் பாதிப் பேர் பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள். மார்கழி முழுக்க ஆறு பேராகத்தான் வீதி சுற்றினோம். ஏழு பேர் இல்லாத கோஷ்டியைச் சங்கத்தை விட்டு எடுத்துவிடுவீர்கள் என்று தெரியும். முன்பாட்டுப் பாடுகிற செல்லச்சாமி அண்ணாச்சி வந்தால் ஏழாகிவிடும். அவர் ஊரில்தான் இருக்கிறார், பாடத்தான் வரமாட்டேன் என்கிறார். காரணம் உங்களுக்குத் தெரியும்.’

காரணம் உங்களுக்குத் தெரியும். இந்த மூன்று வார்த்தையைப் படித்ததிலிருந்து காந்திமதிநாதனுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது. ஆபீஸில் ஒரே பட்டாவை இரண்டு தடவை நகல் எடுத்தார். வீட்டில் காப்பியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கும் அடுப்படிக்கும் நாலு நடை நடந்தார்.

“செருப்புக்குள்ள முள்ளு கெடக்க மாதிரில்லா நடக்கீங்க. என்ன சங்கதி?” என்று மனைவி பகவதி கேட்டாள்.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லேன்னா உக்காந்து குடிங்க. காப்பி தண்ணியாப் போச்சு.”

உட்கார்ந்தார். குடிக்கவில்லை.

சங்கத் தலைவர் ஆவுடையப்பன், ரிட்டயர் ஆன ரெவின்யூ இன்ஸ்பெக்டர். பென்ஷன் வாங்கியும் அதிகாரத்தை விடாத மனிதர். ஜால்ரா தப்பாகத் தட்டினால்கூட விளக்கம் கேட்பார். கார்டைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“சட்டம் சட்டந்தான் வே. ஏழு குரல் இல்லேன்னா அது கோஷ்டி இல்ல. ஆண்டு விழாவுக்கு ஏழாவது ஆளோட வரட்டும், இல்லேன்னா பேரை எடுத்துருவோம். தாள்ல அறிவிப்புப் போட்டுரும்.”

“ஒரு வருஷம் பொறுக்கலாமே அண்ணாச்சி.”

“அந்தச் செல்லச்சாமிக்கு ரோஷம் வந்துட்டுன்னு நாம சட்டத்த மாத்த முடியுமா? சுருதி விலகிச்சு, நீரு எழுதினீரு. உள்ளதத்தான எழுதினீரு?”

காந்திமதிநாதன் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். அப்படி ஓர் ஆட்டு. மூன்று வருஷமாக அவர் இப்படித்தான் ஆட்டிக்கொண்டிருக்கிறார்.

நடந்தது இதுதான். ஐம்பத்தோராம் வருஷ ஆண்டு விழாவில் உள்ளூர் கோஷ்டி பாடி முடித்தது. அவர்களுடையது நாலு கட்டை. உள்ளூர்க்காரர்களின் பாட்டைப் பற்றிச் சங்கச் செய்திக்கு நாலு வரி சுடச்சுடக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று காந்திமதிநாதனுக்குக் கை துறுதுறுத்தது. ஒரு கையால் துருத்தியை அமுக்க வேண்டும், ஒரு கையால் எழுத வேண்டும். அப்புறம் கட்டையைப் பிடிக்கக் கைக்கு எங்கே போவது? ஒரு தீக்குச்சியை எடுத்து நாலாம் கட்டையின் இடுக்கில் செருகினார். கட்டை அமுங்கியபடியே நின்றது. ஆர்மோனியக்காரர்கள் செய்கிற காரியந்தான்.

அடுத்து இளையரசனேந்தல். செல்லச்சாமிக்கு நாலரை. அவர் பெட்டிக்காகக் காத்திருக்கிற ஆளில்லை. கண்ணை மூடினால் தன் சுருதியில் தானே எடுத்துவிடுவார். அன்றும் எடுத்தார். காந்திமதிநாதன் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே துருத்தியை அமுக்கினார். பெட்டி நாலில் முனகியது. குரல் நாலரையில் நின்றது. அரைக் கட்டை வித்தியாசம் காதில் அரத்தால் ராவினதுபோல் விழுந்தது. ஜனங்கள் பெட்டியைப் பார்த்தார்கள், செல்லச்சாமியைப் பார்த்தார்கள். பெட்டி மதுரையில் வாங்கியது. செல்லச்சாமி கரிசல்காட்டு ஆள். பெட்டி தப்புப் பண்ணுமா? எல்லோரும் சேர்ந்து செல்லச்சாமியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் பாதியில் நிறுத்தி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

சாயங்காலம் பெட்டியை உறைக்குள் வைக்கும்போதுதான் காந்திமதிநாதன் தீக்குச்சியைக் கண்டார். கண்டுவிட்டு, வீட்டுக்குப் போய், ‘இளையரசனேந்தல் கோஷ்டியில் முன்பாட்டுக்காரரின் சுருதி விலகியது வருந்தத்தக்கது’ என்று எழுதினார். வருந்தத்தக்கதாம்! குச்சியைத் தூரப் போடவும் மனசு வரவில்லை. பேனா நிப்பு வைக்கிற தகரடப்பியில் போட்டு வைத்தார். மூன்று வருஷமாக நிப்பு எடுக்கும்போதெல்லாம் அது விரலில் தட்டுப்படும்.

தலைவர் கேட்ட அறிவிப்பு இரண்டே வரி. ஸ்டென்சிலை விரித்து வைத்து மூன்று நாளாகியும் அந்த இரண்டு வரி வரவில்லை. நாலாம் நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, தகரடப்பியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, குருவிகுளம் வழியாக இளையரசனேந்தல் போகிற பஸ்ஸில் ஏறினார்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனார். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். ‘ஒரு சின்னக் கைப்பிசகு’ என்று ஆரம்பிக்கலாம். சின்ன என்று சொல்லலாமா? கண்டக்டர் இரண்டு தடவை ஊர் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் இறங்கினார்.

செல்லச்சாமி ஆட்டுக்கிடைப் பக்கம் பட்டிப்படலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்குகிற ஆள். காந்திமதிநாதனைப் பார்த்ததும் கயிற்றை விடாமலே, “வாங்க செக்ரட்டரி. வெயில்ல நிக்காதீங்க” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

ஒத்திகை பார்த்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. காந்திமதிநாதன் டப்பியைத் திறந்து குச்சியை எடுத்து நீட்டினார்.

“அண்ணாச்சி, அன்னைக்கு உம்ம சுருதி விலகல. பெட்டியில இந்தக் குச்சி இருந்துச்சு. நாலுல நிறுத்தி வச்சுட்டு எடுக்க மறந்துட்டேன். எழுதும்போது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதுனேன்.”

செல்லச்சாமி குச்சியை வாங்கவில்லை. கயிற்றை முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து, அப்புறம் நிமிர்ந்தார்.

“பெட்டியில கோளாறுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நாப்பது வருசமாப் பாடுதேன், என் நாலரை எனக்குத் தெரியாதா? குச்சின்னுதான் தெரியாது.”

“தெரிஞ்சா அங்கனயே சொல்லியிருக்கலாம்லா?”

“நான் சொன்னா எவன் கேப்பான்? பெட்டி வச்சிருக்கவரு நீரு. தாள் எழுதுதவரு நீரு. நீருதான் சொல்லணும்னு இருந்தேன்.” பட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த வேப்பமரத்தைக் காட்டினார். “மாசாமாசம் தாள் வந்தா அங்கன உக்காந்துதான் மூக்காண்டி வாசிப்பான். நான் இங்கன நின்னு கேப்பேன். புள்ள பொறந்தது வரும், ஜமுக்காளம் வாங்கினது வரும். இந்த மாசம் வரும், அடுத்த மாசம் வரும்னு முப்பத்திநாலு தாள் கேட்டுட்டேன்.”

திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று வந்த மனுஷன், இதை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஜமுக்காளத்தைப் பற்றி ஆறு வரி எழுதியது காந்திமதிநாதனுக்கு ஞாபகம் வந்தது. வெட்கத்தில் காது மடல் சுட்டது.

“ஞாயித்துக்கிழமை வாரும் அண்ணாச்சி. எல்லாரு முன்னாலயும் சொல்லுதேன். நீரு வரலேன்னா ஆறு பேரும் வெளிய நிக்கணும்.”

“பாடி மூணு வருசமாச்சு.”

“நீரு கண்ண மூடினா வந்துரும்.”

செல்லச்சாமி அடுத்த முடிச்சைப் பிடித்தார். வாரேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தெற்கு ரதவீதிச் சத்திரத்தில் ஆண்டு விழா. பன்னிரண்டு கோஷ்டியும் ஜமுக்காளம் ஜமுக்காளமாக உட்கார்ந்திருந்தன. சந்தனமும் மூக்குப்பொடியும் கலந்து ஒரு வாசம். காந்திமதிநாதன் வாசலுக்கும் பெட்டிக்குமாக அலைந்தார். முதல் கோஷ்டி பாடும்போது பார்த்தார், இளையரசனேந்தல் ஜமுக்காளத்தில் மூக்காண்டியோடு சேர்த்து ஆறு பேர். நாலாவது கோஷ்டி பாடும்போது பார்த்தார், அதே ஆறு. அடிக்கொரு தரம் எட்டிப்பார்த்ததில் துருத்தியை ஒருமுறை விட்டுவிட்டார், புளியங்குடிக்காரர்கள் முறைத்தார்கள். ஏழாவது கோஷ்டி முடிகிற நேரம், தூணோரம் ஒரு வெள்ளைத்துண்டு தெரிந்தது. செல்லச்சாமி வந்து மூக்காண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

இளையரசனேந்தல் பேரைக் கூப்பிட்டதும் காந்திமதிநாதன் எழுந்து நின்றார். தீக்குச்சியைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, மூன்று வருஷத்துக் கதையை ஒன்று விடாமல் சொன்னார். தான் எழுதிக்கொண்டிருந்தது, குச்சியை எடுக்க மறந்தது, தெரிந்தே பொய் எழுதியது. சொல்லி முடித்தார். மூன்று வருஷமாகக் குத்திக்கொண்டிருந்த முள் அப்போதுதான் வெளியே வந்த மாதிரி இருந்தது. உட்கார்ந்து, நாலரையை விரலாலேயே அழுத்திப் பிடித்தார். குச்சி கிச்சி எதுவும் இல்லை.

செல்லச்சாமி கண்ணை மூடினார். எடுத்தார். முதல் அடி நாலரையில் கணீரென்று நின்றது. காந்திமதிநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு பேரும் வாங்கிப் பாடினார்கள்.

இரண்டாம் அடியில் மேலே போக வேண்டிய இடம். குரல் போகவில்லை. மூன்று வருஷம் ஆட்டை அதட்டத் தவிர வேறெதற்கும் திறக்காத தொண்டை, அந்த இடத்தில் வழுக்கி இறங்கியது. பெட்டி நாலரையில் நிற்கிறது, குரல் நாலுக்கும் கீழே. அதே அரம் ராவுகிற சத்தம். ஆனால் இந்தத் தடவை பெட்டிதான் சரி. அங்கே ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்த்தார். புளியங்குடி ஜமுக்காளத்தில் ஓர் இருமல், இருமலுக்குள் ஒரு சிரிப்பு. செல்லச்சாமியின் கை துண்டைத் தேடியது.

அவர் எழுந்துவிடப் போகிறார் என்பது காந்திமதிநாதனுக்குத் தெரிந்தது. யோசிக்க நேரமில்லை. விரலை நாலரையிலிருந்து எடுத்தார். மூன்றில் வைத்துப் பார்த்தார். குரல் அதிலும் இல்லை. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே பெட்டியை இறக்குவது எந்த ஊரிலும் இல்லாத அக்கிரமம். இறக்கினார். இரண்டில் வைத்தார். அங்கே குரல் வந்து உட்கார்ந்தது. செல்லச்சாமி கண்ணைத் திறந்து ஒரு தரம் பெட்டியைப் பார்த்தார், பிறகு மூடிக்கொண்டார். துண்டைத் தேடிய கை தாளத்துக்கு வந்தது. பழைய கணீர் இல்லை. கனத்த, கரகரத்த குரல். ஆனால் அசையாமல் நின்றது. கடைசி அடி வரை பாடி முடித்தார்.

ஆவுடையப்பன் எழுந்தார். “ஏழு பேர். பேரு இருக்கு” என்று முதலில் சட்டத்தை முடித்தார். பிறகு காந்திமதிநாதனைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டு சபையைப் பார்த்தார். “பாத்தீங்கல்லா? ஒரு கோஷ்டி போயிரக் கூடாதுன்னு, இல்லாத குச்சியக் காட்டி, அடுத்தவன் பழியத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டாரு. இந்த மாதிரி ஒரு செக்ரட்டரி எந்தச் சங்கத்துக்கு வாய்க்கும்?”

சத்திரம் அதிரக் கைதட்டினார்கள்.

“அண்ணாச்சி, நான் சொன்னது நெசம்” என்று காந்திமதிநாதன் பதறினார்.

“சும்மா இரும் வே. நாங்க காதுள்ளவங்கதான். இன்னைக்குக் கேட்டோம்லா, அன்னைக்கும் இதேதான்.”

“இந்தா குச்சி!”

“என் மடியிலயும் நாப்பது குச்சி இருக்கு” என்றார் ஆவுடையப்பன். எல்லோரும் சிரித்தார்கள். யாரோ ஒரு ஜரிகைத் துண்டைக் கொண்டுவந்து காந்திமதிநாதன் தோளில் போட்டார்கள். அவர் மறுக்க மறுக்கக் கைதட்டல்தான் பலத்தது. அடக்கமான மனுஷன் என்று அதற்கும் ஒரு பேர் வைத்தார்கள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவர் வாசலுக்கு ஓடிவந்தபோது, செல்லச்சாமி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, ஒருத்தரும் நம்ப மாட்டேங்காங்க!”

“பொய் எழுதினீரு, நம்பினாங்க. நெசத்தச் சொன்னீரு, நம்பல” என்றார் செல்லச்சாமி. “மூணு வருசத்துக்கு முன்னால சொல்லியிருந்தா நானே பாடிக் காட்டியிருப்பேன். அன்னைக்கு என் தொண்டை சாட்சி சொல்லியிருக்கும். இப்ப அது உமக்கு எதிரால்லா சொல்லிட்டு.”

காந்திமதிநாதனுக்கு ஜரிகைத் துண்டு கழுத்தில் அரித்தது.

“பெட்டிய எறக்கினீரு பாத்தீரா, அதக் கேட்டேன். அதுக்குத்தான் கடைசி வரைக்கும் உக்காந்தேன்.” செல்லச்சாமி இரண்டு படி இறங்கித் திரும்பினார். “தாள்ல எழுதும். எவன் நம்பினா என்ன, நம்பாட்டா என்ன. நான் கேப்பேன்.”

அந்த வாரமே எழுதினார். ஆவுடையப்பன் படித்துவிட்டு, “தன்னடக்கத்துக்கும் ஒரு அளவு உண்டு வே” என்று சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார். தாள் பன்னிரண்டு ஊருக்கும் போனது. பதினோரு ஊரிலிருந்து பாராட்டி எழுதினார்கள். கரிவலம்வந்தநல்லூர்க்காரர்கள் ஒரு தீர்மானமே நிறைவேற்றி அனுப்பினார்கள். ஒவ்வொரு கடுதாசியைப் பிரிக்கும்போதும் காந்திமதிநாதன் எழுந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். “இப்ப என்ன முள்ளு?” என்று பகவதி கேட்டாள். “அதே முள்ளுதான்” என்றார்.

பன்னிரண்டாவது ஊரிலிருந்து மட்டும் பாராட்டு வரவில்லை. மூக்காண்டி கையெழுத்தில் ஒரு கார்டு வந்தது, செய்தியில் போடச் சொல்லி. அதை அவர் ஸ்டென்சிலில் அப்படியே கீறினார். கை ஓர் இடத்தில் நின்றது, நின்றுவிட்டு நகர்ந்தது. பிறந்த பிள்ளைகளுக்கும் தேறி வரும் நோயாளிகளுக்கும் நடுவில், மூன்றாம் பக்கத்தில் அந்தச் செய்தி வந்தது:

‘இளையரசனேந்தல் கோஷ்டியில் செல்லச்சாமி அண்ணாச்சி மறுபடி முன்பாட்டுப் பாடுகிறார். ஆள் ஏழு. சுருதி இனிமேல் இரண்டு கட்டை.’